நடுப்பொத்தான்

இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவதற்கு முன்னால் அவறான்குட்டி ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு கன்ட்ரோலரைக் கைக்கண்ணாடி பார்ப்பதுபோல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நடுவில் பெரிய பொத்தான் ஒன்று. அதற்கு இடப்பக்கம், விரலுக்குத் தட்டுப்படாத அளவில், சின்னப் பொத்தான் ஒன்று. இரண்டும் ஒரே நொடியில் இறங்கவேண்டும். இறங்கினால் முன்விளிம்பில் ஒரு விளக்கு படபடவென்று இமைத்து, மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரோடு சேர்ந்துகொள்ளும். இறங்காமல் நடுப்பொத்தான் மட்டும் அமுங்கிவிட்டால், பக்கத்து வீட்டு டிவி எரியும்.

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் மழைக்காலத்தில் சாலியாற்றங்கரைப் பக்கம் வந்து அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கன்ட்ரோலர் பக்கத்து வீட்டில் டிவியோடு சேர்த்து ஆடும் விளையாட்டுப் பெட்டியோடு வந்தது. ஒரே அட்டைப்பெட்டியில் இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு கன்ட்ரோலர்கள் வந்தன. ஒன்று அங்கே இருக்கிறது. இன்னொன்று இங்கே, அவறான்குட்டியின் மடியில். இங்கே எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்லலாம். திருடியது இல்லை. கையில் வைத்திருந்ததைக் கீழே வைக்காமல் நடந்து வந்துவிட்டார், அவ்வளவுதான்.

"அது பொறந்த வீட்ட மறக்காது உப்பா," என்று மகள் ஜஸீலா ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்தாள். "நடுவுல உள்ளத மட்டும் அழுத்தினா நேரா ஹம்ஸா மாமா வீட்டுக்கு ஓடிடும். நம்ம வீட்டுக்கு வரணும்னா ரெண்டையும் சேத்துப் பிடிக்கணும். பிடிச்சுட்டு எண்ண வேணாம், பேச வேணாம். விளக்கு இமைக்கிற வரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருப்பதுதான் அவறான்குட்டிக்கு வராத காரியம்.

அவருடைய தொழில் குரல். ஒரு பழைய ஜீப், அதன் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு மைக், மைக்குக்குப் பின்னால் அவர். ஜவுளிக்கடைத் திறப்பு, தேர்தல், மதரஸா ஆண்டு விழா, தண்ணீர்க் குழாய் அடைப்பு, ஊரில் யாராவது மௌத்தானால் அந்தச் செய்தி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். காணாமற்போன ஓர் ஆட்டைப் பற்றி ஒரு தடவை அறிவித்துக்கொண்டே போனார். ஜீப் திரும்பி வந்தபோது பின்னால் மூன்று ஆடுகள் வந்துகொண்டிருந்தன. மூன்றாவது ஆட்டுக்கு இன்றுவரை சொந்தக்காரர் கிடைக்கவில்லை. அதற்கு இப்போது குட்டிகள்கூட இருக்கின்றன.

தொழில் நேரம் முடிந்ததும் குரலைக் கழற்றிச் சட்டையோடு மாட்டிவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. மீன்காரன் மத்தி விலை சொன்னால் அதைத் திருப்பித் தெருவுக்கே அறிவிப்பார். சுலைமானித் தேநீரில் சர்க்கரை குறைந்தால் நான்கு வீட்டுக்குத் தெரியும். மனைவி நஃபீஸா தோஹாவில் மகன் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறாள். அவர் ஃபோனில் பேசும்போது அவள் ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாளாம்.

ஆனால் அந்தக் குரலின் அசல் வீடு செவன்ஸ் மைதானம். அறுவடை முடிந்த வயலில் கமுகுத் தடியால் கேலரி கட்டி, பக்கத்துக்கு ஏழு பேராக இறங்கும் பந்தாட்டம். "அன்பான ஃபுட்பால் பிரியர்களே" என்று அவறான்குட்டி ஆரம்பித்தால் ஆற்றுக்கு அக்கரையில் சோறு தின்றுகொண்டிருப்பவன் கை கழுவுவான். ரெஃபரி ஊதிய விசிலை ரெஃபரியே திரும்ப வாங்கிக்கொண்டது உண்டு. அவறான்குட்டி அறிவித்த கோலைத் திரும்ப வாங்கியது கிடையாது. ஒரு ஃபைனலில் பந்து வலையின் பக்கவாட்டுக் கிழிசல் வழியாக உள்ளே போனது. அது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கோல் என்று முழங்கிவிட்டார். கேலரி முழுக்க எழுந்து ஆடியது. ரெஃபரி கிழிசலைப் பார்த்தார், கேலரியைப் பார்த்தார், தமக்குக் குடும்பம் இருப்பதை நினைத்துக்கொண்டார், பந்தை நடுவில் வைத்து ஊதினார். அவறான்குட்டி இன்றுவரை அதைக் கோல் என்றுதான் சொல்கிறார். "மைக்குல சொன்னது சொன்னதுதான். நான் சொன்ன மௌத்த திருப்பி எடுத்திருக்கேனா? அப்ப கோல மட்டும் எதுக்கு எடுக்கணும்?"

செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதில்தான். பதினோரு பேர் ஆடும் பெரிய ஆட்டத்தில், பந்தைத் தட்டிவிடும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டிக் கோலுக்கு அருகே நிற்பவனுக்குப் பந்து போனால் அந்தக் கோல் செல்லாது. வயலில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. எதிரணிக் கோலியின் தோளில் கைபோட்டுக் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டு ஒருவன் நிற்கலாம். பந்து வரும், காலை நீட்டுவான், கோல். அப்படி நிற்பதற்கென்றே உடம்பு வளர்த்தவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு.

பக்கத்து வீட்டு ஹம்ஸா அவறான்குட்டியின் தங்கை றுக்கியாவைக் கட்டியவர். அளியன். சவூதியில், தம்மாமில் பல வருடம் கம்பெனி வேலை. அங்கே கம்பெனிகளுக்குள் நடக்கும் பதினோரு பேர் ஆட்டத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கோட்டோரம் நின்று, ஆஃப்சைடு பார்த்துக் கொடி பிடித்தவர். அந்தக் கொடி இப்போது வரவேற்பறை அலமாரியில் டின்னர் செட்டுக்கு நடுவே நிற்கிறது. விருந்தாளிகள் அதை எடுத்துப் பார்க்கலாம், ஆட்டக்கூடாது. ஹம்ஸா மெல்லப் பேசுவார், நேராக நடப்பார், அறையை விட்டு வெளியே வந்தால் எல்லா சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிட்டு வருவார். மின்விசிறி, டிவி, சார்ஜர், பூச்சி விரட்டி எதுவும் தப்பாது. தங்கும் முகாமில் படிந்த பழக்கம். ஃப்ரிட்ஜைக்கூட அணைத்து, றுக்கியாவின் மாட்டிறைச்சி கெட்டு, பிறகுதான் அதை மட்டும் விட்டுவைத்தார்.

இப்படிப்பட்ட இரண்டு ஆட்கள் எப்படி ஒட்டினார்கள் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் ஒட்டினார்கள். ஹம்ஸாவின் மகன் விளையாட்டுப் பெட்டியை அனுப்பிவைத்த நாளிலிருந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவே தலை உயரத்துக்கு ஒரு மதில். அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக அவறான்குட்டி போவார், அரிசிமாவுப் பத்திரித் தட்டு வரும், அவறான்குட்டியின் குரல் மட்டும் மதிலுக்கு மேலே போகும், வரும்.

போன மழைத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம். அவறான்குட்டியின் முன்னாட்டக்காரன் வழக்கம்போல் எதிரணிக் கோலியோடு நின்றுகொண்டிருந்தான். பந்து வந்தது. அடித்தான். வலை குலுங்கியது. அவறான்குட்டி கன்ட்ரோலரையே மைக்காக வாயருகே தூக்கிப் பிடித்து, "கோல், கோல், கோல், அன்பான ஃபுட்பால் பிரியர்களே" என்று அறிவித்துவிட்டார். மழைக்கு ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர்கள் தெருமுனையில் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் திரையில் ஒரு கோடு விழுந்தது. ஆஃப்சைடு.

அதுவரை அந்த விதியைப் பெட்டி கேட்டதில்லை. அன்று காலை ஹம்ஸா அமைப்புகளுக்குள் போய் அதைப் போட்டு வைத்திருந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. "பந்தாட்டம்னா ஆஃப்சைடு உண்டு அளியா. நீங்க வயல்ல ஆடறது நாத்து நடவு" என்றார், மெல்லிய குரலில். அவறான்குட்டி அந்தக் கோலைத் தரச் சொன்னார். பெட்டி தரவில்லை என்றார் ஹம்ஸா. பெட்டியிடம் யார் கேட்டது என்றார் அவறான்குட்டி. வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அறிவித்த கோல் ஒன்று முதல் தடவையாக அவர் காலடியில் செத்துக் கிடந்தது. எழுந்தார். கன்ட்ரோலரைக் கீழே வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. மழையில் நனையாமல் அதை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இடைவெளி வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் றுக்கியா வந்து அந்த நண்டை ஹம்ஸா கேட்பதாகச் சொன்னாள். இரண்டு பக்கமும் கொம்பு நீட்டியிருப்பதால் அவளுக்கு அது நண்டு. "கோல தரச் சொல்லு, நண்ட தர்றேன்," என்றார் அண்ணன். அவள் போய்ச் சொன்னாள். பத்திரித் தட்டு மட்டும் வழக்கம்போல் வந்தது. ஆனால் இடைவெளியைத் தாண்டாமல் மதில்மேல் வைக்கப்பட்டது.

இப்படித்தான் அது கம்ப்யூட்டருக்குக் குடிவந்தது. கம்ப்யூட்டர் ஜஸீலாவுடையது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள். அதன் பின்புறத்தில் நகம் அளவு ஒரு துண்டைச் செருகி, கம்பியில்லாமலே கன்ட்ரோலரோடு பேசவைத்தாள். உப்பாவுக்காக ஒரு பந்தாட்டத்தை ஏற்றி, அமைப்புகளில் முதல் காரியமாக ஆஃப்சைடை அணைத்தாள். அவள் வைத்த ஒரே நிபந்தனை, ஆடி முடித்ததும் கன்ட்ரோலரை அணைத்துவிடவேண்டும். ஒருநாள் அவர் மறந்து அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். அதில் கட்டைவிரலால் தள்ளும் குமிழ் அவர் தலையின் கனத்தில் புரண்டு, வெட்டிக்கொண்டிருந்த வீடியோவில் எதையோ இழுத்துவிட்டது. மணமகனின் பெரியப்பா இரண்டு தடவை நெய்ச்சோறு தின்றார். பெண் வீட்டார் பார்த்தார்கள். பெரியப்பாவைத் தெரிந்தவர்கள் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அவறான்குட்டி ஆடும் முறை இது. ஜன்னலோரம் நாற்காலி. கால்கள் நாற்காலிமேல். தன் அணியில் பத்துப் பேரைப் பின்னால் விட்டுவிட்டு, ஒருவனை மட்டும் எதிரணிக் கோலியிடம் அனுப்பிவைப்பார். "நீ அங்க போய் நில்லு மோனே, வேல இருந்தா கூப்பிடறேன்." எதிரே ஆடுவது மெஷின். எவனாவது மோதி விழுத்தினால் கன்ட்ரோலர் கைக்குள் நடுங்கும். அப்போதெல்லாம் அதைத் தடவிக்கொடுப்பார். யாராவது அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வந்து நின்றால் ஆட்டக்காரர்கள் சொன்ன பேச்சு கேட்கமாட்டார்கள். அதனால் அந்த அறையில் எல்லோரும் சுவரோரமாகவே நடக்கிறார்கள், விருந்தாளிகள் உட்பட. ஒவ்வொரு கோலையும் தெருவுக்கு அறிவிப்பார். ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு, பதினைந்து கோல். தெருமுனை ஆட்டோக்காரர்கள் முதல் வாரம் கை தட்டினார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

ஜெயித்துக்கொண்டே இருந்ததில் அவர் இளைத்துப்போனார். "மோளே, இதுங்கிட்ட ஜெயிச்சு என்ன?" என்று ஒருநாள் மகளிடம் கேட்டார். "தோத்தா இதுக்கு முகம் சுண்டுதா? எந்திரிச்சுப் போய் தண்ணி குடிக்குதா? உங்க மாமன் தோத்தா மூக்கு நுனி செவக்கும். அதப் பாக்கவே ஜெயிக்கலாம்."

"அப்ப போய்ப் பேசுங்க."

"கோல் தந்தா பேசலாம்."

அந்த மாதத்தில்தான் நடுப்பொத்தான் தொந்தரவு ஆரம்பித்தது. கட்டைவிரல் பருமனானது, சின்னப் பொத்தானோ சின்னது. பத்துக்கு நான்கு தடவை தவறியது. தவறிய உடனே எதிர் ஜன்னலில் நீல வெளிச்சம். விளையாட்டுப் பெட்டி தானே விழித்து டிவியையும் எழுப்பிவிடும். ஹம்ஸா குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும்போது எரிந்தது. றுக்கியா மாவு பிசையும்போது எரிந்தது. மருமகள் வீட்டார் விருந்துக்கு வந்து, மரியாதையாக அமைதி காத்து உட்கார்ந்திருந்தபோது எரிந்து, ஒரு மைதானம் முழுக்க ஆரவாரம் கேட்டது. சீண்டுகிறான் என்றார் ஹம்ஸா. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவறான்குட்டி சொல்லியனுப்பலாம். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்றால் விரல் சரியில்லை என்றாகிவிடும். அதையும் சொல்ல முடியவில்லை.

பிறகு வாசலில் வெட்டுக்கல் லோடு இறங்கியது.

மதிலின் இடைவெளியை அடைத்துவிடப் போகிறார் ஹம்ஸா. இரண்டு வீட்டு ஜன்னல்களும் அந்த இடைவெளி வழியாகத்தான் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கின்றன. அங்கே கல் ஏறிவிட்டால் நடுப்பொத்தானை என்ன அழுத்தினாலும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. போகக்கூடாது என்பதற்குத்தான் கல். மழை விட்டதும் வேலை என்று பாலன் மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சமாதானம் பேசப் போனார்கள். ஹம்ஸா சுலைமானி கொடுத்து, தம்முடைய நிபந்தனையை ஒரே வாக்கியத்தில் சொன்னார். ஆஃப்சைடு என்று ஒன்று உண்டு என அவறான்குட்டி ஒரே ஒரு தடவை ஒத்துக்கொண்டால், அத்தனை கல்லும் கோழிக்கூட்டுக்குப் போகும்.

பெரியவர்கள் மதில் இடைவெளி வழியாகவே இந்தப் பக்கம் வந்தார்கள். அவறான்குட்டி அவர்களுக்குப் பழம்பொரி கொடுத்தார். "முப்பது வருஷம் மைக்குல இல்லன்னு சொன்னத இப்ப உண்டுன்னு சொல்லணுமா? அப்ப அத்தன ஃபைனலும் என்னாகும்? தோத்தவனெல்லாம் கப்ப கேட்டு வாசல்ல வந்து நிப்பான்." பெரியவர்களில் ஒருவர் அப்படி ஒரு ஃபைனலில் தோற்ற கிளப்பின் தலைவர். அவர் பழம்பொரியை மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். விஷயம் பெரிதாவதற்குள் மற்றவர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மழை நின்றபாடில்லை. வெட்டுக்கல் பாசி பிடித்தது. ஒருநாள் காலை றுக்கியா தட்டை மதில்மேல் வைக்காமல் உள்ளேயே வந்தாள். தேங்காய்ப்பாலில் ஊறின பத்திரி. அண்ணன் தின்பதைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"காக்கா, நீங்க நேத்து அத அழுத்தலயா?"

"எத?"

"நண்ட. ரெண்டு நாளா டிவி எரியல."

சரியாக அழுத்தப் பழகிவிட்டதாக அவறான்குட்டி சொன்னார். ஜஸீலா சின்னப் பொத்தான்மேல் ஒரு பொட்டுத் துணி ஒட்டித் தந்திருக்கிறாள், இப்போதெல்லாம் விரல் தவறுவதே இல்லை. சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

றுக்கியா தட்டை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். "அவுகளுக்கு எல்லா சுவிட்சும் சுவத்துல அணையணும். தெரியுமில்ல. அந்தப் பொட்டியோட சுவிட்ச மட்டும் அணைக்கறதே இல்ல. நான் ஒருநா தூசி தட்டறப்ப அணைச்சுட்டேன். பின்னாலயே வந்து போட்டுட்டுப் போறாங்க. ஏன்னு கேட்டா கரண்டு பத்தி எனக்கென்ன தெரியும்ங்கறாங்க."

அவள் போன பிறகும் அவறான்குட்டி வெறுங்கையில் எதையோ தின்பதுபோல் உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜையே அணைத்த ஹம்ஸா அந்தச் சுவிட்சையும் அணைத்திருந்தால், நடுப்பொத்தான் ஒரு தடவைகூட டிவியை எழுப்பியிருக்காது. அன்று முழுக்க அவர் ஒன்றையும் அறிவிக்கவில்லை. மீன்காரன் சைக்கிளை நிறுத்தி, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனான்.

வானம் வெளுத்த காலை ஒன்று வந்தது. கூடவே பாலன் மேஸ்திரியும் வந்தார். ஒரு காலத்தில் அக்கரை கிளப்புக்குக் கோலியாக நின்றவர். தோளில் இன்னும் கோலியின் அகலம். அவர் இடைவெளியின் ஒரு முனையில் ஆணி அடித்துக் கயிற்றைக் கட்டினார். மறுமுனைக்கு இழுத்து இறுக்கினார். கயிறு இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்தில் நின்றது. சிமெண்டில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அவர் வழக்கமாக ஒரு பீடி பிடிப்பார்.

அந்தப் பீடி முடிவதற்குள் ஏதாவது செய்தாகவேண்டும் என்பது அவறான்குட்டிக்குத் தெரிந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கன்ட்ரோலரை எடுத்தார். பழக்கத்தில் இரண்டு கட்டைவிரலும் இரண்டு பொத்தானுக்கும் போயின. துணிப்பொட்டு இடது விரலுக்குக் கீழே உறுத்தியது. அந்த விரலை எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமவில்லை. நடுப்பொத்தானை மட்டும் அழுத்தினார்.

எதிர் ஜன்னலில் நீல வெளிச்சம் விழுந்தது.

அடுப்படியில் றுக்கியாவின் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு வெளிச்சத்துக்குக் குறுக்கே ஹம்ஸாவின் வெள்ளை பனியன் நேராக நடந்து வந்தது, டிவியை ஒரு முறை பார்த்தது, ஜன்னல் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்தது. இன்னொரு கன்ட்ரோலர் அவர் கைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்திருக்கவேண்டும்.

அவறான்குட்டிக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கல், தூரத்தில் இருப்பது பளிங்கு. இரண்டு ஜன்னலையும் ஒரு கயிற்றையும் தாண்டி அந்தத் திரையை வாசித்தார். அமைப்புகளின் பட்டியல் மேலேறியது. ஆஃப்சைடு: உண்டு. ஹம்ஸாவின் அம்புக்குறி அந்த வரியில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு எதையும் மாற்றாமல் கீழே இறங்கிவிட்டது. அந்த ஒரே திரையில் இரண்டு கன்ட்ரோலருக்கும் ஆட்டம் ஆரம்பமாயிற்று.

பீடியை அணைத்துவிட்டு மேஸ்திரி எழுந்தார். "ஹம்ஸா காக்கா, தொடங்கட்டுமா?" உள்ளே எட்டிப் பார்த்தவர் திரையைப் பார்த்தார், இந்தப் பக்கம் திரும்பி அவறான்குட்டியின் கையைப் பார்த்தார். கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெட்டுக்கல்மேல் உட்கார்ந்தார். ஆட்டம் நடக்கும்போது கல் வைப்பது அவருக்கும் வழக்கமில்லை.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஹம்ஸா கவனமாக ஆடினார், கோட்டோரம் கொடி பிடித்த கவனம். அவறான்குட்டியின் ஆட்கள் முதலில் தடுமாறினார்கள், சொன்ன பேச்சு அரை நொடி பிந்தித்தான் அவர்களைச் சேர்ந்தது. நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டதும் சரியாயிற்று. முடியப்போகும் நேரத்தில் மைதானத்தின் நடுவே பந்து அவர் ஆளிடம் வந்தது. முன்னாட்டக்காரன் தடுப்பாளர்களையெல்லாம் தாண்டி, கோலியின் பக்கத்தில், பிறந்ததிலிருந்தே அங்கே நிற்பவன்போல் நின்றுகொண்டிருந்தான். முன்னால் ஒருவரும் இல்லை. ஒரு தட்டு, ஒரு அடி. தெருமுனையில் ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையும் கேட்கும் தூரத்தில்தான் இருந்தது.

ஹம்ஸா தம்முடைய ஆட்களை அசைக்கவில்லை. பனியனின் முதுகு நிமிர்ந்து நின்றது.

அவறான்குட்டி பந்தைத் தட்டவில்லை. பந்து வைத்திருந்தவனை நிறுத்தி நிற்கவைத்தார். முன்னாட்டக்காரனின் பொறுப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கட்டைவிரலால் குமிழைத் தன் பக்கம் இழுத்தார். அவன் திரும்பினான். கோலியை விட்டு ஓடி வந்தான். கடைசித் தடுப்பாளனுக்கு இணையாக வந்து நின்றான்.

கல்மேல் இருந்த மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து ஹம்ஸாவின் குரல் மெல்ல வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பாலா, அந்தக் கயிறு ஆட்டத்த மறைக்குது. அவுத்துட்டுப் போய்க் கோழிக்கூட்டுக்கு அளவெடு."

அவறான்குட்டி கன்ட்ரோலரைத் தூக்கி வாயருகே கொண்டுபோனார். தெருமுனையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவர் அதை மறுபடி மடிக்கு இறக்கி, முன்னாட்டக்காரனை இன்னும் ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.